தகடூர் மண்ணில் தாமஸ் மன்றோ

சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராக விளங்கிய தகடூரே இன்றைய தருமபுரி. அவ்வையார்க்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் ஊர் என்ற அளவிலேயே இலக்கிய உலகம் இவ்வூரைப் பெரிதும் அறிந்துள்ளது. அதே ஊரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழாண்டுகள் பணியாற்றிய அயல்நாட்டவர் ஒருவர், உழவனுக்கும் அரசுக்கும் இருந்த உறவையே மாற்றியமைத்த பெருமுயற்சியில் பங்கு கொண்டார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக உயர்ந்த சர் தாமஸ் மன்றோவே அவர். நிலப்பட்டா, ஜமாபந்தி ஆகிய சொற்கள் இன்று தமிழக உழவர் ஒவ்வொருவருக்கும் நன்கு பழக்கமானவை. அச்சொற்களுக்குப் பின்னால் உள்ள ஆட்சிமுறை பாராமகால் என்று அன்று வழங்கிய இந்நிலப்பகுதியிலேதான் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆகவே மன்றோவின் வாழ்க்கையை அறிவது இம்மாவட்டத்துச் சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியை அறிவதாகும்.

இளமையும் படைப்பணியும்

தாமஸ் மன்றோ 1761ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் நடத்தியவர். இளமையில் கண்ட தட்டம்மை நோயால் மன்றோவின் செவிப்புலன் ஓரளவு குன்றியது. எனினும் கல்வியிலும் விளையாட்டிலும் அவர் பின்தங்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது தந்தையின் வாணிகம் நொடித்தது. செல்வக் குடும்பம் சில ஆண்டுகளில் வறுமையுற்றது. ஒரு பேரரசின் அரசியல் மாற்றம் எங்கோ தொலைவில் உள்ள ஒரு வீட்டு அடுப்பையும் அணைக்க வல்லது என்பதை மன்றோ இளமையிலேயே பட்டறிந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780 சனவரியில் சென்னை வந்து இறங்கினார். அவ்வாண்டிலேயே ஐதர் அலியின் படை கருநாடகத்தின்மீது பாய்ந்தது. பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததைத் தொடர்ந்து ஆங்கிலப் படை காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கியதை இளம்வீரரான மன்றோ உடனிருந்து கண்டார். அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய பதவியும் ஊதியமும் பெரிதாக உயரவில்லை. அக்காலத்தை அவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்பதில் செலவிட்டார். சிறு ஊதியத்திலும் பெற்றோர்க்குப் பணம் அனுப்பி வந்தார்.

இக்காலத்து இலக்கியச் செய்தி ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தஞ்சையில் பணியாற்றியபோது மன்றோ பாரசீகக் கையெழுத்துப் படி ஒன்றில் ஒரு கதையைக் கண்டார். கடன் தீர்க்க இயலாதவனின் உடற்சதையைப் பத்திரப்படி அறுத்துக்கொள்ள உரிமை கோரும் கடன்காரனின் கதை அது. ஷேக்ஸ்பியரின் வெனிசு வணிகன் நாடகத்தோடு அது ஒத்திருந்தமையால் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார். ஷேக்ஸ்பியர் நூல்களைப் பதிப்பித்த மலோன் அதனைத் தம் பதிப்பில் வெளியிட்டார். கடனும் கடன் பத்திரமும் மனிதனை எவ்வாறு கட்டுகின்றன என்பதை நூலில் கண்ட அவ்வீரர், சில ஆண்டுகளில் அதனை வயல்வெளிகளில் நேரிற் காணவிருந்தார்.

பாராமகாலின் அன்றைய நிலை

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். அவற்றுள் பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார் ஆகியவை கம்பெனியின் பங்காயின. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நிலம் என்பது பாராமகால் என்னும் பெயருக்கு வழங்கிவரும் பொருள். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் இதனுள் அடங்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆகிய மேட்டுநிலப் பகுதிகள் 1799க்குப் பின்னரே கம்பெனியிடம் வந்து சேர்ந்தன.

விசயநகரப் பேரரசின் காலம் முதல் இந்நிலத்தின் சமுதாய அமைப்பு அடுக்கடுக்கானது. மேலே பேரரசர் இருந்தார். அவருக்குப் படையும் திறையும் அளிக்கும் கடப்பாட்டோடு பாளையக்காரர்களும் கோட்டைத் தலைவர்களும் இருந்தனர். அவர்களுக்குக் கீழே நிலமானியம் பெற்றுப் போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்தும் கட்டுப்படிச் சேவகர் இருந்தனர். ஊரளவில் மணியக்காரரும் கணக்கரும் அதிகாரம் செலுத்தினர். அவர்களுக்கும் கீழே குடியானவர் இருந்தனர். அடித்தளத்தில், நிலமும் உரிமையும் இன்றி, தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணையோடு பிணைக்கப்பட்ட பண்ணையாட்கள் உழைத்தனர். மண்ணை உழுபவனுக்கும் நாட்டை ஆள்பவனுக்கும் இடையே இத்தனை கைகள் இருந்தன. ஒவ்வொரு கையும் விளைச்சலில் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இவ்வமைப்பின் மேற்பகுதியைப் பெரிதும் தகர்த்திருந்தனர். பாளையக்காரர் பலரை ஒடுக்கி, தம் அமில்தார்கள் வாயிலாக வரி தண்டினர். ஆகவே மன்றோ இங்கு வந்தபோது பழைய நிலவுடைமைத் தலைமை வலுவிழந்திருந்தது. புதிய ஒழுங்கோ இன்னும் உருப்பெறவில்லை. அத்துடன் தொடர்ந்த போர்களால் ஊர்கள் பலவும் பாழ்பட்டிருந்தன.

தருமபுரியில் ஏழாண்டுகள்

புதிதாகப் பெற்ற இந்நிலத்தை ஆள்வதற்குத் தலைமை ஆளுநர் காரன்வாலிசு, வாணிகப் பிரிவு அலுவலரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டு மொழிகளை அவர்கள் அறியாதிருந்தமையும், வரி நிருவாகத்தை இடைத்தரகர்களிடம் விட்டுவிட்டமையும் அதற்குக் காரணங்கள். படைத்துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடு என்பவரை அவர் கண்காணிப்பாளராக அமர்த்தினார். அவருக்கு உதவியாளர்களாக வில்லியம் மக்லாடு, ஜேம்ஸ் கிரகாம், தாமஸ் மன்றோ ஆகிய மூன்று படை அலுவலர்கள் அமைந்தனர். மன்றோவின் பொறுப்பில் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட நடுப்பிரிவு அமைந்தது. இங்கே அவர் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். பின்னாளில் உயர்பதவிகள் பல வகித்தபோதும், இவ்வூர் வாழ்வையும் தோட்டத்தையும் அன்போடு நினைவுகூர்ந்தார் என்பதை அவர் கடிதங்களால் அறிகிறோம்.

ஆயினும் அவருடைய நாள்களில் பெரும்பகுதி வீட்டில் கழியவில்லை. ஊர் ஊராகக் கூடாரமிட்டுத் தங்கினார். புலம் புலமாக நிலம் அளக்கப்பட்டது. நன்செய், புன்செய், தோட்டக்கால் எனவும் மண்ணின் தரத்திற்கேற்பவும் வகைப்படுத்தப்பட்டது. கணக்கரின் ஏட்டில் உள்ளதும் வயலில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்புநோக்கப்பட்டது. இவ்வளவை 1790களில் பல ஆண்டுகள் நீடித்தது. பிற்காலத்தில் அரசு வெளியிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகள், அக்காலத்து நிலம், பயிர், தொழில், சாதி, வாணிகம் ஆகியவற்றை அறிதற்கு இன்றும் அரிய கருவூலமாக உள்ளன.

முதலில் ரீடு கருதியது நீண்டகாலக் குத்தகையையே. ஆண்டுதோறும் மாறாத ஒரு தொகையை உழவன் ஏற்றுக்கொண்டால் அவனுக்கு ஊக்கமும் அரசுக்கு உறுதியும் கிடைக்கும் என்பது எண்ணம். ஆனால் இந்நிலத்தின் இயல்பு அதற்கு இடங்கொடுக்கவில்லை. தருமபுரிப் பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் புன்செய்க் காடுகளே மிகுதி. மழை பொய்த்த ஆண்டில் ஒரு பிடி தானியமும் கிட்டாது. மாடு செத்தாலும் விதை இல்லாது போனாலும் உழவன் தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகவே போடுவான். அத்தகைய உழவனை மாறாத் தொகைக்குக் கட்டுவது, மழைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குவது போன்றதாகும். குடியானவர் அக்குத்தகையை ஏற்கத் தயங்கினர். எனவே 1796இல் ரீடு ஓர் அறிவிப்புச் செய்தார். அதன்படி உழவன் தான் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். வேண்டாத நிலத்தை ஆண்டு முடிவில் விட்டுவிடலாம். வைத்திருக்கும் நிலத்திற்கு மட்டும் வரி செலுத்தினால் போதும். இடையில் நிலக்கிழாரோ குத்தகையாளரோ இன்றி, உழவன் அரசோடு நேரடியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் இம்முறையே இரயத்துவாரி எனப்பட்டது.

இம்முறையின் தொடக்கம் ரீடினுடையது என்பதை மறத்தல் ஆகாது. இதன் நுட்பங்களைத் தருமபுரி வயல்களில் கண்டறிந்து, பின்னர் மாகாணம் முழுமைக்கும் உரிய கொள்கையாக வளர்த்தெடுத்து, அதற்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவர் மன்றோ. பாராமகாலில் பெருநிலக்கிழார் என்றோர் இனம் இயல்பாக இல்லை, சிறு சிறு உழவர்களே மிகுதி, இல்லாத சமீன்தாரை அரசு படைத்தல் வேண்டா என்பது அவர் இங்குக் கண்டறிந்த உண்மை. வரி மிகையாக இருந்தால் எந்த முறையும் பயன் தராது என்பதையும் அவர் இங்கேயே உணர்ந்தார். வரியின் அளவு பற்றிய இக்கவலை தமிழர்க்குப் புதியதன்று. யானை நெல்வயலில் தானே புகுந்தால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துரைத்த பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டு இதனையே பொருளாகக் கொண்டது.

மிட்டாக்களின் காலம்

1799இல் நான்காம் மைசூர்ப் போர் மூண்டது. ரீடும் மன்றோவும் பாராமகாலிலிருந்து படையோடு சென்றனர். அவ்வாண்டு மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூரின் எதிர்காலத்தை முடிவு செய்யும் குழுவிற்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளராயினர். பின்னர் மன்றோ கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்டார். தருமபுரி வாழ்வு அத்துடன் முடிந்தது.

அவர் நீங்கியபின் இங்கு நேர்ந்தது கருதத்தக்கது. வங்காளத்தில் 1793இல் காரன்வாலிசு ஏற்படுத்திய நிலையான நிலவரித் திட்டத்தைச் சென்னை மாகாணத்திலும் பரப்ப வேண்டுமென்று மேலிடம் விரும்பியது. அதற்கென 1802இல் சட்டம் இயற்றப்பட்டது. பாராமகாலும் சேலமும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட மிட்டாக்களாக ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர் மிட்டாதார் எனப்பட்டார். உழவனுக்கும் அரசுக்கும் இடையே இருந்த கைகள் விலக்கப்பட்ட நிலத்திலேயே, அரசு தன் ஆணையால் புதிய இடைக்கையைப் படைத்தது. பழைய பாளையக்காரனுக்குப் போர்க்கடமையும் ஊர்க்காவலும் மரபுரிமையும் இருந்தன. புதிய மிட்டாதாருக்கு ஏலத்தொகையைச் செலுத்திய பணம் ஒன்றே தகுதி. சில ஆண்டுகளுக்குள்ளேயே மிட்டாக்கள் பல வரி செலுத்த இயலாது அரசிடம் மீண்டன. மீண்ட ஊர்களில் இரயத்துவாரி மறுபடியும் வந்தது. நிலைத்து நின்ற மிட்டாக்களோ 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்த ஊர்கள் சில இரயத்துவாரியாகவும் சில மிட்டாவாகவும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் விளங்கியதற்கு இதுவே காரணம்.

பாளையக்காரர் ஆட்சியின் முடிவு

1800இல் ஐதராபாத் நிசாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய மாவட்டங்களுக்கு மன்றோ முதன்மை ஆட்சியரானார். அங்கே சுமார் 80 பாளையக்காரர் கோட்டைகளோடும் ஆயுதம் தாங்கிய சேவகரோடும் ஆண்டு வந்தனர். ஏழாண்டுகளில் மன்றோ அவர்களின் படைவலியை முற்றாக ஒடுக்கினார். சிலர் ஓய்வூதியம் பெற்றனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். அதே காலத்தில்தான் தெற்கே வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் அதே முடிவை எய்தினர். வரலாற்றை முழுமையாக நோக்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காணல் வேண்டும். உழவனுக்குப் பட்டா எழுதிய கையும் பாளையக்காரனின் கோட்டையை இடித்த கையும் ஒன்றே. இடைத்தலைமை அகன்றமையால் உழவன் சில சுமைகளினின்றும் விடுபட்டான். அதே வேளையில், அயலார் ஆட்சியை எதிர்த்து நிற்கக் கூடிய உள்நாட்டு வலிமையும் அழிந்தது.

மன்றோ அம்மாவட்டங்களைப் பிரிந்தபோது அரசுக்கு ஒரு பரிந்துரை விடுத்தார். மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 45 பங்கு அளவில் இருந்த வரியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், நிலவரியில் நான்கில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அதனை அன்று ஏற்கவில்லை. மன்றோ 1807இல் தாயகம் திரும்பினார். இரயத்துவாரி முறையும் கைவிடப்பட்டு, ஊர்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறை வந்தது.

யப்பான் நாட்டோடு ஓர் ஒப்பீடு

நிலமானியச் சமுதாயம் சிதைந்து நடுவண் அரசு எழும் நிகழ்ச்சி பாராமகாலுக்கு மட்டும் உரியதன்று. யப்பானில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொயோதோமி இதெயோசி நாடு முழுதும் நிலத்தை அளப்பித்தார். ஒவ்வொரு புலமும் அதனை உழுபவனின் பெயரில் பதியப்பட்டது. 1588இல் உழவரிடமிருந்து வாள்கள் பறிக்கப்பட்டன. போர்வீரரான சாமுராய்கள் நிலத்தினின்றும் பிரிந்து, கோட்டை நகர்களில் குடியேறி, அரிசியை ஊதியமாகப் பெறும் இனமாயினர். அதன்பின் தொக்குகாவா ஆட்சியில் வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற பாகுபாடு இறுகியது.

1868இல் மெய்சி ஆட்சி மலர்ந்தபின் இவ்வமைப்பு தகர்ந்தது. 1871இல் பெருங்குடித் தலைவர்களின் நாடுகள் ஒழிக்கப்பட்டன. 1873இல் நிலவரிச் சீர்திருத்தம் வந்தது. நில உரிமைச் சான்று உழவனின் கைக்கு வந்தது. விளைச்சலில் பங்காக அன்றி, நில மதிப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு பணமாகச் செலுத்துமாறு விதிக்கப்பட்டது. உழவர் எதிர்ப்பிற்குப் பின் 1877இல் அது இரண்டரைப் பங்காகக் குறைந்தது. பாராமகாலில் ரீடும் மன்றோவும் செய்ததற்கும் இதற்கும் ஒற்றுமை வெளிப்படை. நிலத்தை அள, உரியவன் பெயரை எழுது, இடையில் நிற்பவனை விலக்கு, வரியை நேரே பெறு என்பதே இரண்டிற்கும் பொதுவான வழி.

வேற்றுமையும் உண்டு. யப்பானில் மாற்றத்தைச் செய்தது அந்நாட்டு அரசே. வரிப்பணம் அந்நாட்டின் பள்ளிக்கும் தொழிலுக்கும் படைக்கும் பயன்பட்டது. பாராமகாலில் மாற்றத்தைச் செய்தது கடல்கடந்த வாணிகக் கழகம். வரியின் பெரும்பகுதி அதன் போர்களுக்கும் ஆதாயத்திற்கும் சென்றது. இன்னொரு ஒற்றுமை கசப்பானது. யப்பானில் சான்று நிலம் உடையவனுக்குக் கிடைத்தது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனுக்குக் கிடைக்கவில்லை. அங்குக் குத்தகை உழவர் நிலம் பெற 1946ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கும் நிலைமை அதுவே என்பதை மேலே காண்போம்.

ஆளுநராக

1813இல் கம்பெனியின் உரிமப் பட்டயம் புதுப்பிக்கப்படும் வேளையில், இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்றோவின் சான்றுரையைக் கேட்டது. 1814இல் ஜேன் காம்பெல் அம்மையாரை மணந்து, நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக மீண்டும் சென்னை வந்தார். 1816இல் வெளிவந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் அவர் முயற்சியின் பயன். ஊர் முன்சீபும் ஊர்ப் பஞ்சாயத்தும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் பெற்றனர். காவல் அதிகாரமும் குற்றவியல் நடுவர் அதிகாரமும் மாவட்ட நீதிபதியிடமிருந்து ஆட்சியரிடம் மாறின. மராட்டியப் போரில் படைத்தலைமை ஏற்று வென்றபின், 1820 சூன் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநராகப் பதவியேற்றார்.

ஆளுநரானவுடன், தாம் முன்பு பரிந்துரைத்து ஏற்கப்படாத வரிக்குறைப்பையும் இரயத்துவாரி முறையையும் நடைமுறைக்குக் கொணர்ந்தார். தருமபுரியில் தொடங்கிய சோதனை மாகாணத்தின் பொதுக்கொள்கையாயிற்று. 1822இல் நாட்டுக் கல்வியின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணவர் பயின்றனர். தமிழ் மாவட்டங்களில் அம்மாணவருள் பெரும்பாலோர் உழவுத் தொழில் முதலியவை செய்யும் குடிகளைச் சேர்ந்தவர் என்பதும் அக்கணக்கால் புலப்படுகிறது. கல்வி மேற்குடியினர்க்கு மட்டுமே இருந்தது என்ற பொதுக்கருத்தை மறுஆய்வு செய்ய இக்கணக்கு பிற்கால ஆய்வாளர்க்கு உதவியது. மாவட்டந்தோறும் வட்டந்தோறும் பள்ளிகள் தொடங்கவும் மன்றோ திட்டமிட்டார். இந்தியரை உயர்பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது ஒரு மக்களினத்தின் தகுதியையே தாழ்த்திவிடும் என்றும், ஆங்கில ஆட்சி என்றேனும் நீங்க வேண்டிய ஒன்று என்னும் எண்ணத்தோடு ஆளப்பட வேண்டும் என்றும் 1824இல் எழுதிய குறிப்பில் வற்புறுத்தினார். எனினும் இந்தியச் செய்தித்தாள்களுக்கு உரிமை அளிப்பதை அவர் எதிர்த்தார் என்பதும் உண்மை.

பதவியைத் துறந்து தாயகம் செல்ல ஆயத்தமான வேளையில், தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களை இறுதியாக ஒருமுறை காணச் சென்றார். 1827 சூலை 6ஆம் நாள் பட்டிகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி நோயுற்று அன்றே மறைந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831இல் சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்திற்குக் கொணரப்பட்டது. பொதுமக்கள் நன்கொடையால் சிற்பி சாண்ட்ரி வடித்த அவருடைய குதிரைவீரச் சிலை இன்றும் சென்னைத் தீவுத்திடலருகே நிற்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று மக்கள் அதனை வியப்பர். மந்திராலயத்தில் இராகவேந்திர சுவாமிகள் அவருக்குக் காட்சி தந்தார் என்னும் செவிவழிச் செய்தியும், தெலுங்கு நாட்டில் குழந்தைகளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது என்னும் வழக்கும், மக்கள் அவர்மீது கொண்ட மதிப்பைக் காட்டுவன.

நிறையும் குறையும்

மக்கள் மதிப்பு ஒருபுறம் இருக்க, அவர் செயலின் விளைவை நடுநிலையோடு சீர்தூக்குதல் ஆய்வாளர் கடன். அவர் மறைந்து ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்குப் பின், வரிதண்டும் அலுவலர் உழவரைத் துன்புறுத்துகின்றனர் என்னும் குற்றச்சாட்டை ஆராய ஒரு குழு அமைந்தது. 1855இல் அக்குழு அளித்த அறிக்கை, சென்னை மாகாணத்தில் வரிக்காக உழவரை அடித்தலும் வெயிலில் நிறுத்தலும் குனியவைத்துக் கட்டுதலும் பரவலாக நிகழ்ந்தமையை உறுதிப்படுத்தியது. வரிதண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமை அதற்கு ஒரு காரணம் என்பதும் வெளிப்பட்டது. அவ்விரண்டையும் இணைத்தது 1816ஆம் ஆண்டின் ஏற்பாடே. மன்றோவின் நோக்கம் ஊராருக்கு எட்டும் தொலைவில் நீதி கிடைக்க வேண்டும் என்பது. நேர்ந்ததோ வேறு. தன்னைத் துன்புறுத்தியவரிடமே உழவன் முறையிட வேண்டியதாயிற்று. 1859ஆம் ஆண்டின் காவல் சட்டத்தால் அவை மீண்டும் பிரிக்கப்பட்டன.

இடைத்தலைவர் அகன்ற இடத்தில் அரசே பெருநிலக்கிழார் ஆயிற்று. பாளையக்காரனிடம் கெஞ்சவோ சண்டையிடவோ, அடுத்த பாளையத்திற்குக் குடிபெயரவோ பழைய உழவனால் இயன்றது. புதிய அரசின் எல்லையைக் கடந்து செல்ல இடமில்லை. வரியைப் பணமாகக் கட்ட வேண்டிய தவணை, அறுவடையின் விலை ஏறும்வரை காத்திருக்கவில்லை. கடன் கொடுப்போரின் கை ஓங்கியது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தை வாட்டியபோது, பட்டா உழவனைப் பசியினின்றும் காக்கவில்லை.

எல்லாவற்றினும் பெரிய குறை, பட்டாவில் எழுதப்படாத பெயர்களைப் பற்றியது. இரயத்து என்னும் சொல் உழவனைக் குறித்தது. ஆனால் ஏட்டில் ஏறியது வரி செலுத்துபவனின் பெயரே. ஏர் பிடித்தவன் எல்லாரும் வரி செலுத்துபவன் அல்லன். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே மடிந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர்களை நிலஅளவையின் சங்கிலி தொடவேயில்லை. பண்ணை அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு 1843இல்தான் நீங்கியது. நடைமுறையில் அது அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. மேலடுக்குகளை அகற்றிய அரசியல் மாற்றம் அடியடுக்கை அசைக்காமலே விட்டது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்பும், 1961, 1970ஆம் ஆண்டுகளின் நில உச்சவரம்புச் சட்டங்களும் மன்றோவின் பணி நின்ற இடத்திலிருந்து தொடங்கியவை எனலாம். அவையும் அவ்வடியடுக்கை முழுமையாக எட்டின என்று சொல்ல இயலாது.

மன்றோ வலுப்படுத்திய பரம்பரை ஊர் அலுவலர் முறை தமிழகத்தில் 1980இல் நீக்கப்பட்டது. கிராம நிருவாக அலுவலர் அவ்விடத்தில் வந்தனர். ஆயினும் ஆண்டுதோறும் பசலி முடியும் வேளையில் தருமபுரி மாவட்டத்து வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. பட்டாவில் பெயர் மாற்றவும், உட்பிரிவு செய்யவும், வீட்டுமனை கேட்கவும் மக்கள் மனுக்களோடு வரிசையில் நிற்கின்றனர். தன் பெயர் அரசின் ஏட்டில் உண்டு, அதனைக் காட்டித் தான் உரிமை கேட்கலாம் என்னும் நம்பிக்கை அவ்வரிசையில் நிற்பவர்க்கு உண்டு. அந்நம்பிக்கைக்கு வித்திட்டவருள் மன்றோ ஒருவர். அவ்வரிசையில் நிலமே இல்லாதவரும் நிற்கின்றனர். 1792இல் தொடங்கிய அளவைப்பணியில் எழுதாது விடுபட்ட பெயர்கள் அவர்தம் முன்னோருடையவை. மன்றோவுக்கு உரிய புகழை அளிப்பதோடு, விடுபட்ட அப்பெயர்களை எழுதும் கடமையையும் நினைவிற்கொள்வதே அவர் வாழ்வைக் கற்பதன் பயனாகும்.